பழைய மில்லிங் மெஷின் ஸ்பிண்டிலுக்கு என்ன கிரீஸ் போடுவது?

குன்னூர், கோத்தகிரி பக்கம் எந்தத் தேயிலை பேக்டரி ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தாலும் மூலையில் ஒரு கிரீஸ் வாளி இருக்கும். டிரையர் ஃபேன், கன்வேயர், பிக்கப் வண்டியின் வீல் பேரிங் என்று எல்லாவற்றுக்கும் அதே வாளிதான். அதில் தப்பொன்றும் இல்லை, அந்த வேலைகளுக்கு அது தாராளமாகப் போதும். அதே கிரீஸை ஒரு கை அள்ளி மில்லிங் மெஷினின் ஸ்பிண்டில் (கட்டரைப் பிடித்துச் சுற்றும் தண்டு) பேரிங்கிலும் அப்பும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது: காலையில் ஸ்விட்ச் போட்டால் மோட்டார் முக்குகிறது, வேகம் கூட்டினால் ஹெட் சுடுகிறது, சூடேறியதும் ஸ்பிண்டில் நீண்டு இசட் அளவு, அதாவது வெட்டின் ஆழம், நகர்ந்துவிடுகிறது, கடைசியில் பழி மெஷின் மீது விழுகிறது.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரீஸின் நிறத்தையோ விலையையோ டப்பாவில் உள்ள 2, 3 என்ற நம்பரையோ பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதற்குள் இருக்கும் எண்ணெய் எவ்வளவு கெட்டியானது, உங்கள் ஸ்பிண்டில் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, சுற்றும்போது பேரிங் எவ்வளவு சூட்டில் இருக்கிறது, இந்த மூன்றும் ஒத்துப்போக வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

அதற்கு முன் ஒரு விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்: உங்கள் மெஷினின் ஸ்பிண்டிலுக்கு கிரீஸ்தான் போட வேண்டுமா? பழைய ஹரிசாண்டல் மில்லிங் மெஷின்கள் பலவற்றில் மெஷினின் தூணுக்குள் (காலம், column) இருக்கும் கியர்பாக்ஸ் எண்ணெயே தெறித்தோ பம்ப் வழியாகவோ ஸ்பிண்டில் பேரிங்குக்கும் போய்ச் சேரும். ஸ்பிண்டில் மட்டத்துக்கு அருகில் கண்ணாடி வட்டம் இருக்கிறதா, உள்ளே ஆயில் குழாய் ஓடுகிறதா, பேரிங் ஹவுசிங்கில் எண்ணெய் திரும்பிப் போக ஓட்டை விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அது எண்ணெய் மெஷின், அதில் கிரீஸை அடைத்தால் எண்ணெய் வரும் வழியை நீங்களே மூடியதாகிவிடும். நிப்பிள் இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டவும் கூடாது, ஏனென்றால் முந்தைய முதலாளி யாராவது எண்ணெய்க் கப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கிரீஸ் நிப்பிளை முறுக்கியிருக்கலாம், செகண்ட்ஹேண்ட் மெஷின்களில் இது நடப்பதுதான். பேரிங்கின் இரண்டு பக்கமும் தகடோ ரப்பரோ போட்டு மூடியிருந்தால், அதாவது நம்பருக்குப் பின்னால் இசட்இசட் அல்லது 2ஆர்எஸ் என்று இருந்தால், கிரீஸ் உள்ளேயே அடைத்து வந்தது என்று பொருள். அதைத் திறந்து நோண்ட வேண்டாம்.

சரி, கிரீஸ் மெஷின்தான் என்று தெரிந்துவிட்டது. இனி கிரீஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

கிரீஸ் என்பது பெரும்பகுதி எண்ணெய்தான். எடையில் எண்பது, தொண்ணூறு சதவீதம் வரைகூட எண்ணெயாகவே இருக்கும். அந்த எண்ணெய் ஓடிவிடாமல் பிடித்து வைக்க ஒரு சோப்பு கலந்திருப்பார்கள். குளிக்கிற சோப்பு இல்லை, லித்தியம், கால்சியம் மாதிரியான உலோகச் சோப்பு. அது கண்ணுக்குத் தெரியாத நார்நாராகப் பின்னிக்கொண்டு இடையில் எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும். மிச்சம் கொஞ்சம் துருத் தடுப்பு, தேய்மானத் தடுப்பு மருந்துகள். பேரிங் சுற்றும்போது உருளைக்கும் அது ஓடும் வளையமான ரேஸுக்கும் நடுவில் படலமாக நின்று உலோகத்தை உலோகம் தொடாமல் காப்பதில் பெரும் பங்கு அந்த எண்ணெயுடையது. சோப்பின் முக்கிய வேலை எண்ணெயை அந்த இடத்திலேயே வைத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுவது. அதனால் கிரீஸ் தேர்வு என்பதே உள்ளே இருக்கும் எண்ணெயைத் தேர்வு செய்வதுதான். கடையில் யாரும் அதைச் சொல்லி விற்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

டப்பாவில் பெரிதாக இருக்கும் 2, 3 என்ற எண் என்எல்ஜிஐ நம்பர். இது அந்தக் குழம்பு தொட்டால் எவ்வளவு கெட்டி என்பதை மட்டும் சொல்லும். கிரீஸை 60 முறை குத்திப் பிசைந்து, 25 டிகிரியில் வைத்து, அதன் மேல் ஒரு கூம்பை விட்டு, ஐந்து நொடியில் அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளப்பார்கள். 26.5 முதல் 29.5 மி.மீ. வரை இறங்கினால் அது 2ஆம் நம்பர். 22 முதல் 25 மி.மீ. என்றால் 3ஆம் நம்பர், இன்னும் கெட்டி. பேரிங்குக்கு பொதுவாக 2 போதும். செங்குத்தாக நிற்கும் ஸ்பிண்டிலில் கிரீஸ் கீழே வழிந்து வரும் தொல்லை இருந்தால் 3 பார்க்கலாம். இந்த நம்பரின் கதை அவ்வளவுதான்.

எண்ணெயின் கெட்டித்தன்மை வேறு கணக்கு. அதை சென்டிஸ்டோக்கில், 40 டிகிரி சூட்டில் அளந்து சொல்வார்கள். எஸ்கேஎஃப் கம்பெனியின் மூன்று கிரீஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள்: எல்ஜிஎல்டி 2, எல்ஜிஎம்டி 2, எல்ஜிஇபி 2. மூன்றும் லித்தியம் சோப்பு, மூன்றும் 2ஆம் நம்பர், விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் உள்ளே இருக்கும் எண்ணெய் முதலாவதில் 18 சென்டிஸ்டோக், இரண்டாவதில் 110, மூன்றாவதில் 200. தையல் மெஷின் எண்ணெய்க்கும் கியர் ஆயிலுக்கும் உள்ள தூரம் அது. விரலால் தடவிப் பார்த்து கிரீஸ் வாங்குகிறவர் இந்தத் தூரத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது, அதற்கு டேட்டாஷீட் வேண்டும். எந்த உருப்படியான கம்பெனியின் கிரீஸுக்கும் அது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். டேட்டாஷீட் இல்லாத கிரீஸை வீல் பேரிங்குக்குப் போட்டுக்கொள்ளுங்கள், ஸ்பிண்டிலுக்கு வேண்டாம்.

இப்போது வேகம். பேரிங்கின் உள் விட்டத்தையும் வெளி விட்டத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் வருவது நடு விட்டம். அதை ஆர்பிஎம்மால் பெருக்கினால் வருவதை வேக எண் என்று வைத்துக்கொள்வோம். 7210 பேரிங் என்றால் உள்ளே 50, வெளியே 90, நடு விட்டம் 70 மி.மீ. மெஷினின் உச்ச வேகம் 1800 என்றால் 70 பெருக்கல் 1800, அதாவது 1,26,000. இது நடுத்தர வேகம். சாதாரண நல்ல லித்தியம் கிரீஸ் தாங்கும். திருப்பிச் சாய்க்கக்கூடிய டரட் மில்லிங் ஹெட்டில் 7207 போட்டு 4200 ஆர்பிஎம் ஓட்டினால் நடு விட்டம் 53.5, வேக எண் 2,25,000 கிட்ட வரும். இங்கே கொஞ்சம் யோசித்து வாங்க வேண்டும். வேக எண் பத்து லட்சம் வரை போகும் சிஎன்சி ஸ்பிண்டில்களுக்கு என்றே தனி கிரீஸ்கள் இருக்கின்றன, க்ளூபரின் ஐசோஃப்ளெக்ஸ் என்பியூ 15 அந்த வகையில் பேர் போனது. நல்ல சரக்குதான், விலையும் அதற்கேற்ற மாதிரிதான். "ஸ்பிண்டில் என்றாலே அதுதான்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதைப் பழைய ஆர்பர் (கட்டரைக் கோத்து மாட்டும் நீளத் தண்டு) மெஷினுக்கு வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை, காரணம் விலை மட்டும் இல்லை.

காரணம் இதுதான்: பேரிங் மெதுவாகச் சுற்றினால் எண்ணெய்ப் படலம் உருவாவது கஷ்டம், அதற்குக் கெட்டி எண்ணெய் வேண்டும். வேகமாகச் சுற்றினால் மெல்லிய எண்ணெயிலேயே படலம் நின்றுவிடும், கெட்டி எண்ணெய் போட்டால் அதைக் கடைவதிலேயே சூடு வரும். பேரிங் கம்பெனிகள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. நம்முடைய 70 மி.மீ. நடு விட்டத்துக்கே போட்டுப் பார்த்தால், 1800 ஆர்பிஎம்மில் குறைந்தபட்சம் 13 சென்டிஸ்டோக் போதும். 600க்கு 27 வேண்டும். 300க்கு 47. 100 ஆர்பிஎம் என்றால் 120 அளவுக்குப் போய்விடும். இது பேரிங் ஓடுகிற சூட்டில் இருக்க வேண்டிய அளவு, டப்பாவில் உள்ள 40 டிகிரி அளவு இல்லை, இதைப் பிறகு பார்ப்போம். இந்தக் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகக் கூடாது, நான்கு மடங்குக்கு மேலே போனால் சூடுதான் மிச்சம், லாபம் இல்லை.

அப்படியானால் உங்கள் மெஷின் எந்த வேகத்தில் அதிக நேரம் ஓடுகிறது? பெயர்ப்பலகையில் உள்ள உச்ச வேகத்தைச் சொல்லாதீர்கள். எச்எஸ்எஸ் கட்டரை வைத்து மைல்டு ஸ்டீல் வெட்டினால் நிமிடத்துக்கு 30 மீட்டர் வெட்டு வேகம் என்று வையுங்கள், 100 மி.மீ. சைடு அண்ட் ஃபேஸ் கட்டருக்கு அது வெறும் 95 ஆர்பிஎம். 10 மி.மீ. எண்ட் மில்லுக்கு 950. கார்பைடு டிப் போட்ட 63 மி.மீ. ஃபேஸ் மில்லை நிமிடத்துக்கு 120 மீட்டரில் ஓட்டினாலும் 600தான் வருகிறது. ஆக ஆர்பரில் கட்டரை மாட்டிக் கீவே, ஸ்லாட், கியர் பல் வெட்டுகிற மெஷின் 1800க்குப் போவதே அபூர்வம். தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி ரோலர்களுக்குக் கூர் போடும் பட்டறைகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பற்களை ஃபார்ம் கட்டரால் வெட்டும்போது வேகம் அடிமட்டத்தில்தான் இருக்கும், சுமையோ அதிகம். இப்படிப்பட்ட மெஷினில் 18, 20 சென்டிஸ்டோக் அதிவேக கிரீஸைப் போட்டால் படலமே சரியாக நிற்காமல் உருளையும் ரேஸும் உரசும். சத்தம் வராது, சூடும் வராது, பேரிங் மட்டும் மெதுவாகத் தேய்ந்துகொண்டே போகும். விலை கூடினால் நல்லது என்கிற கணக்கு இங்கே அப்படியே தலைகீழ்.

இனி நம் மலைக்கே உரிய விஷயம். எண்ணெய் சூட்டில் இளகும், குளிரில் இறுகும் என்பது யாருக்கும் தெரியும், எவ்வளவு என்பதுதான் பலருக்குத் தெரியாது. 40 டிகிரியில் 100 சென்டிஸ்டோக் இருக்கும் சாதாரண மினரல் எண்ணெய் 55 டிகிரியில் 50 அளவுக்கு இறங்கிவிடும், 30 டிகிரியில் 170 அளவுக்கு ஏறிவிடும், 10 டிகிரியில் ஆறு மடங்கு ஆகிவிடும். கோயம்புத்தூரில் ஏப்ரல் மாதம் தகரக் கூரைக்குக் கீழே ஓடும் மெஷினின் பேரிங் 55 டிகிரியில் இருக்கலாம். அதே மெஷினை 2,240 மீட்டர் உயரத்தில் ஊட்டியில் வைத்து அதே வேலையைச் செய்தால் ஹவுசிங் 30 டிகிரியைத் தாண்டுவதே பெரிய விஷயம். அதாவது ஒரே டப்பாவிலிருந்து எடுத்த கிரீஸ், கீழே இருப்பதைவிட மேலே மூன்று மடங்குக்கும் மேல் கெட்டியான எண்ணெயாக வேலை செய்கிறது. கோவை மெக்கானிக் தன் அனுபவத்தில் சொல்லும் கிரீஸ் அவருக்குச் சரியாகவே இருந்திருக்கும், நமக்கு ஒரு படி மெல்லியது வேண்டும்.

டிசம்பர், ஜனவரி காலைகளில் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிற நாட்களில் ஒர்க்‌ஷாப்புக்குள்ளேயும் ஐந்தாறு டிகிரிதான் இருக்கும். தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, கிரீஸுக்குள் இருக்கும் மினரல் எண்ணெய் அப்படி உறைந்துவிடாது, ஆனால் அசையச் சோம்பல்படும். சோப்பிலிருந்து கசிந்து வர வேண்டிய எண்ணெய் வராமல், பேரிங் முதல் சில நிமிடங்கள் கிட்டத்தட்ட வறட்சியில் சுற்றும். அதனால் குளிர்காலத்தில் ஸ்விட்ச் போட்டவுடன் உச்ச வேகத்துக்குப் போகாமல், சுமை இல்லாமல் குறைந்த வேகத்தில் பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். டீ குடிக்கிற நேரம்தானே. பிஏஓ என்கிற சிந்தெடிக் எண்ணெயில் செய்த கிரீஸ் குளிரில் இவ்வளவு இறுகாது, அதனால் ஊட்டி, கோடநாடு மாதிரி நல்ல குளிர் உள்ள இடத்தில் கூடுதல் காசுக்கு அது தகும். மேட்டுப்பாளையம் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

ஈரம் இன்னொரு தலைவலி. தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், ஊட்டிப் பக்கமும், ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் மூடுபனி ஒர்க்‌ஷாப்புக்குள்ளேயே வந்து உட்காரும். ராத்திரி குளிர்ந்து கிடந்த வார்ப்பிரும்பின்மீது காலையில் ஈரக் காற்று படும்போது வியர்த்துவிடும், பேரிங் ஹவுசிங்குக்கு உள்ளேயும் அப்படித்தான். லித்தியம் சோப்பு கிரீஸ் இந்த அளவு ஈரத்தைத் தாங்கும், துருத் தடுப்பு மருந்து சேர்ந்ததா என்று மட்டும் டேட்டாஷீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சோடியம் சோப்பு கிரீஸ் மட்டும் வேண்டவே வேண்டாம், அது தண்ணீரில் கரைந்துபோகும். நாட்கணக்கில் ஓடாமல் கிடக்கும் மெஷினை வாரத்துக்கு ஒருமுறையாவது ஹவுசிங் வெதுவெதுப்பாகும் வரை ஓட்டிவிடுங்கள், உள்ளே தேங்கிய ஈரம் போகும், கிரீஸும் புதிதாகப் பரவும். மழைக்காலத்தில் ஹெட்டுக்கு அருகில் ஒரு 40 வாட் குண்டு பல்பை எரியவிட்டு மூடிவைப்பதும் நல்ல பழக்கம், துணி பல்பில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது கடைக்குப் போவோம். "ஏனுங்க, ஸ்பிண்டிலுக்கு நல்ல கிரீஸ் வேணும்" என்று கேட்டால், "ஹை டெம்பரேச்சர் இருக்குதுங்க, 250 டிகிரி தாங்கும், தரட்டுங்களா?" என்பார் கடைக்காரர். அந்த 250 என்பது டிராப்பிங் பாயிண்ட், சோப்பு இளகிச் சொட்டுப் போடும் சூடு. அந்தச் சூட்டில் ஓட்டலாம் என்று அர்த்தமே இல்லை, ஓட்டக்கூடிய சூடு அதைவிட ரொம்பக் கீழே இருக்கும். சாதாரண லித்தியம் சோப்பே 180 டிகிரிக்கு மேல்தான் சொட்டும். நம் ஸ்பிண்டில் 50 டிகிரியைத் தொட்டாலே நாம் பதறப் போகிறோம், அப்புறம் 250 எதற்கு? ஹை டெம்பரேச்சர் கிரீஸ்களில் பல கெட்டி எண்ணெயில் செய்தவை, நமக்கு வேண்டாததை வலிய வாங்குவதாகிவிடும். அடுத்து "கருப்பு கிரீஸ்" காட்டுவார், மாலி (மாலிப்டினம் டைசல்ஃபைடு தூள்) அல்லது கிராஃபைட் கலந்தது. மெதுவாக ஆடும் மூட்டுகளுக்கும் லோடு ஏறும் பின்களுக்கும் அது அருமை, வேகமாகச் சுற்றும் துல்லிய பேரிங்குக்குள் திடத் துகளைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. இபி என்று எழுதியிருப்பது கடும் சுமை மருந்து சேர்த்தது. கியருக்கு நல்லது, 7210, 7207 மாதிரியான ஆங்குலர் கான்டாக்ட் பேரிங் போட்ட ஸ்பிண்டிலுக்கு அவசியமில்லை. டேப்பர் ரோலர் போட்டு மெதுவாக, பலமாக வெட்டும் மெஷினில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், டேப்பர் ரோலரின் தலைப்பக்கம் விளிம்பில் உரசிக்கொண்டே சுற்றுவதால் அங்கே கொஞ்சம் கெட்டி எண்ணெய் உதவும்.

டப்பாவின் மேல் கே2கே-30 என்கிற மாதிரி ஒரு குறி இருந்தால் அது ஜெர்மன் தர எண். முதல் கே, உருளும் பேரிங்குக்கான கிரீஸ் என்பதைச் சொல்கிறது. அதோடு பி சேர்ந்து கேபி என்று இருந்தால் இபி மருந்து உண்டு. 2 என்பது நாம் பார்த்த நம்பர். அடுத்த கே, 120 டிகிரி வரை போகலாம் என்பது, கடைசி எண் எவ்வளவு குளிர் வரை என்பது. எண்ணெயின் கெட்டித்தன்மை இந்தக் குறியில் இல்லை, அதற்கு டேட்டாஷீட்தான். பழைய ரஷ்ய மெஷினின் கையேட்டில் லிட்டால்-24 என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அதுவும் லித்தியம் சோப்பு மல்டிபர்பஸ்தான். சியாடிம்-201 என்று இருந்தால் அது மெல்லிய எண்ணெயில் செய்த லித்தியம் கிரீஸ். அந்தப் பெயரைத் தேடி அலைய வேண்டாம், அதே சோப்பு, கிட்டத்தட்ட அதே எண்ணெய் அளவு உள்ள வேறு எதுவும் சரி.

நேரடியாக என் பரிந்துரையைக் கேட்டால்: ஆர்பர் மாட்டிப் பெரும்பாலும் 600க்குக் கீழே ஓடும் மெஷினுக்கு லித்தியம் அல்லது லித்தியம் காம்ப்ளெக்ஸ், 2ஆம் நம்பர், எண்ணெய் 70 முதல் 110 வரை. எல்ஜிஎம்டி 2 மாதிரியான சாதாரண பேரிங் கிரீஸே இங்கே சரியாகப் பொருந்தும், ராக்கெட் சமாசாரம் எதுவும் தேவையில்லை. ரோலர் வெட்டுவது போல எப்போதும் 100க்குக் கீழேயே ஓடினால் அந்த 110க்குக் கீழே இறங்காதீர்கள். சிறிய எண்ட் மில்களை 2000, 4000 என்று விரட்டும் டரட் ஹெட்டுக்கு 20 முதல் 30 வரை உள்ள மெல்லிய எண்ணெய், முடிந்தால் சிந்தெடிக். ஊட்டிக் குளிரில் அது 30 டிகிரியில் ஓடும்போது 35, 40 ஆகிவிடும் என்பதால் 500 ஆர்பிஎம்மில்கூடப் படலம் நிற்கும். இரண்டு வேலையும் செய்கிற மெஷின் என்றால் எந்த வேகத்தில் அதிக நேரம் ஓடுகிறதோ அதற்கு வாங்குங்கள், மற்ற வேகத்தில் சூட்டைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே ஏற்கெனவே என்ன கிரீஸ் இருக்கிறது என்று தெரியாவிட்டால், தயவுசெய்து அதன் மேலேயே புதிதை அழுத்தாதீர்கள். லித்தியமும் லித்தியம் காம்ப்ளெக்ஸும் ஒத்துப்போகும். பாலியூரியா, களிமண் கிரீஸ், சோடியம் ஆகியவை லித்தியத்தோடு சேர்ந்தால் பல சமயம் இரண்டும் கெட்டு, தண்ணீராக ஓடும் அல்லது சாந்தாக இறுகும். நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது, நிறம் பெரும்பாலும் வெறும் சாயம். கழற்றிக் கழுவுவதுதான் வழி. சுத்தமான மண்ணெண்ணெயில் கழுவி, பஞ்சு ஒட்டாத துணியில் வைத்து உலரவிடுங்கள், கம்ப்ரசர் காற்றை அடித்து பேரிங்கை விர்ரென்று சுழற்ற வேண்டாம், எண்ணெய் இல்லாமல் சுற்றினால் ரேஸில் கோடு விழும். ஜோடியாக வரும் ஆங்குலர் கான்டாக்ட் பேரிங்குகளைக் கழற்றும்போதே எது எந்தப் பக்கம் பார்த்தது என்று மார்க் செய்துவிட வேண்டும். திருப்பிப் போட்டால் எந்த கிரீஸும் காப்பாற்றாது. ஸ்பிண்டிலிலிருந்து இறங்க மறுக்கும் பேரிங்கைச் சுத்தியலால் தட்டி இறக்கத்தான் வேண்டுமென்றால், புது பேரிங் கையில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

அளவு. இதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள், ஏனென்றால் நிறையப் போட்டால் நல்லது என்று கை தானாகவே நம்புகிறது. பேரிங்குக்குள் இருக்கும் காலி இடத்தில் கால்வாசி, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. மெதுவாக ஓடும் மெஷின் என்றால் பாதி வரை போகலாம், டரட் ஹெட் மாதிரி வேகமானது என்றால் ஐந்தில் ஒரு பங்கே போதும். 7210 பேரிங்கின் காலி இடம் ஏறக்குறைய 28 மில்லி, அதில் கால்வாசி 7 மில்லி, எடையில் ஆறு கிராம் சொச்சம். ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சில் கிரீஸை ஏற்றி அளந்து, உருளைகளுக்கு நடுவே சுற்றிலும் சமமாக விடுங்கள், கையால் மெதுவாகச் சுற்றிப் பரப்புங்கள். கிரீஸ் கன்னால் நிப்பிள் வழியாக அடிக்கிற மெஷின் என்றால், சீலின் ஓரத்தில் வழியும் வரை அழுத்துவது இங்கே வேண்டாம். திரும்பப் போடும்போது கம்பெனிகள் சொல்லும் எளிய கணக்கு, வெளி விட்டத்தை அகலத்தால் பெருக்கி அதை 0.005ஆல் பெருக்குவது: 90 பெருக்கல் 20 பெருக்கல் 0.005, ஒன்பது கிராம். உங்கள் கன் ஒரு அழுத்துக்கு எவ்வளவு தள்ளுகிறது என்று தெரியாவிட்டால், பத்து அழுத்து ஒரு காகிதத்தில் விட்டு சின்னத் தராசில் நிறுத்துப் பாருங்கள். அதை ஒருமுறை செய்தவர்கள் அதன் பிறகு நிப்பிளில் அடிக்கிற அளவே மாறிவிடும்.

புது கிரீஸ் போட்ட ஸ்பிண்டிலை உடனே வேலைக்கு விடக் கூடாது. குறைந்த வேகத்தில் அரை மணி நேரம், பிறகு ஒவ்வொரு படியாக ஏற்றி ஒவ்வொன்றிலும் சூடு நிலைக்கும் வரை ஓடவிடுங்கள். ஆரம்பத்தில் சூடு வேகமாக ஏறும், கிரீஸ் இன்னும் உருளைகளின் வழியில் கிடந்து கடைபடுகிறது. கொஞ்ச நேரத்தில் அது ஓரங்களுக்கு ஒதுங்கியதும் சூடு தானாகவே இறங்கி ஒரு இடத்தில் நிற்கும். சூட்டைப் பார்க்க துப்பாக்கி மாதிரி வரும் விலை குறைந்த தெர்மாமீட்டரே போதும். 55 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் நிறுத்தி ஆறவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். இரண்டு மூன்று முறை செய்தும் இறங்காவிட்டால் கிரீஸ் அதிகம் அல்லது லாக் நட்டை இறுக்கியது அதிகம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்று கேட்பீர்கள். பேரிங் 70 டிகிரிக்கு மேல் போகும் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் கிரீஸின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. நம் ஊரில் அந்தச் சூடே வராததால் சூட்டினால் கிரீஸ் சாவது இல்லை, ஈரமும் கூலண்டும்தான் கொல்லும். கூலண்ட் பீய்ச்சி அடிக்கும் மெஷின் என்றால் சீல் ஓரத்தில் வரும் கிரீஸைத் தொட்டுப் பாருங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, நாள் கணக்குப் பார்க்காமல் கழற்ற வேண்டியதுதான், கூடவே ஆயில் சீலையும் மாற்றுங்கள். பளபளவென்று உலோகத் தூள் தெரிந்தால் அது கிரீஸ் விஷயமே இல்லை.

சரியான கிரீஸை சரியான அளவில் போட்ட பிறகும் கரகர சத்தம் இருந்தால், "இன்னும் கொஞ்சம் கெட்டி கிரீஸ் போட்டால் சத்தம் அடங்கும்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அடங்கும்தான், சில வாரம். ஸ்பிண்டில் மூக்கில் டயல் இண்டிகேட்டரை வைத்துக் கையால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். முள் ஆடினால் முதலில் லாக் நட்டின் இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும், அதற்கும் அடங்காவிட்டால் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறிப் புது பேரிங் வாங்க வேண்டியதுதான்.